விளாவத் தெரியுமா?

கோவளத்தில் மார்கழி மாதத்துக் குளிர் என்று சொன்னால் உதகமண்டலத்து நேயர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய குளிர் மலையிலிருந்து இறங்குவது. நம்முடைய குளிர் கடலிலிருந்து ஏறுவது. தெர்மாமீட்டரில் 22 டிகிரி என்று காட்டும்போதே, வாடைக் காற்றானது ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து முழங்காலின் மூட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வயது ஐம்பதைத் தாண்டியவர்களைக் கேட்டால் தெரியும்.

நமது நண்பர் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கோவளத்துக்கு அருகில் வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருடைய மனைவியாருக்கு மூட்டுவலி. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை, "அம்மாவுக்கு வெந்நீரில் உட்கார்ந்தால் சுகமாயிருக்கும்" என்று எழுதிப் பணமும் அனுப்பினான். அவ்வளவுதான். நண்பர் கொத்தனாரை அழைத்து, பின்கட்டில் ஆறரை அடி நீளமும் நாலடி அகலமுமாக ஒரு தொட்டி கட்டி, நீல நிற டைல்ஸ் பதித்து, பக்கத்திலே ஒரு பெட்டிக்குள் 3 கிலோவாட் ஹீட்டரும், தண்ணீரைச் சுற்றவிட ஒரு சிறு பம்பும் வைத்துவிட்டார். அரைப் பரீட்சை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பேரக் குழந்தைகளும் சுற்றமும் வந்திருந்தார்கள். நாமும் குடும்பத்தோடு அழைக்கப்பட்டிருந்தோம்.

கோவளம் பழைய துறைமுகம். அங்கே ஆர்க்காட்டு நவாபின் காலத்தில் கோட்டை இருந்தது. 1752 இல் கிளைவ் அதைப் பிடித்தார். அந்தக் கோட்டை நின்ற இடத்தில் 1974 இல் ஒரு பெரிய கடற்கரை ஹோட்டல் எழும்பிற்று. 2021 இல் கோவளம் கடற்கரைக்குத் தூய்மைக்கான 'நீலக் கொடி'யும் கிடைத்தது. இத்தனை பெருமைகளுள்ள ஊரில் ஒரு குறை உண்டு. கடலுக்கு அண்டையிலுள்ள கிணறுகளில் பல உப்புக் கரிக்கும். ஆகையால் நண்பரின் தொட்டிக்குத் தண்ணீர் லாரியில் வந்து இறங்கிற்று. ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாக நின்றது. ஏறக்குறைய 1,000 லிட்டர்.

"வாத்தியாரே! பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு உஷ்ணக் கணக்குப் போடுகிறீரே, இது எத்தனை மணிக்குச் சுடும் என்று சொல்லும், பார்ப்போம்" என்றார் நண்பர்.

இப்படி ஒரு சபையில் கேட்டால் எந்த வாத்தியாரால் சும்மா இருக்க முடியும்? சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தோம். பள்ளி ஆய்வுச்சாலைத் தெர்மாமீட்டர் ஒன்றும் கையோடு கொண்டுபோயிருந்தோம். தொட்டி நீர் 27 டிகிரி. வேண்டியது 39. ஆகவே 12 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி உஷ்ணம். 1,000 லிட்டருக்கு 12 டிகிரி என்றால் 12,000 கிலோ கலோரி. மின்சாரக் கணக்கில் அது 14 யூனிட். மணிக்கு 3 யூனிட் தருகிற ஹீட்டருக்கு 4 மணி 40 நிமிஷம். "பிற்பகல் 2 மணிக்குப் பொத்தானை அமுக்கினால், 6 மணி 40 நிமிஷத்துக்கு அம்மையார் ஸ்நானத்துக்கு இறங்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னோம். எல்லோரும் மெச்சினார்கள். நமக்கும் உள்ளூறக் கொஞ்சம் கர்வந்தான்.

அப்போது பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மூதாட்டி, கையிலிருந்த தேய்ப்பு நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஏன் சாமி, இம்மாந் தண்ணியும் நாளைக்கு என்னா ஆவும்?" என்று கேட்டாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. நாம் போட்ட கணக்கில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

மாலை 6 மணி 40 நிமிஷம் ஆயிற்று. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 33½. ஏழு மணிக்கு 34. ஐந்து மணி நேரம் ஓடிய ஹீட்டர் 15 யூனிட்டை விழுங்கியிருந்தது. தண்ணீரோ 7 டிகிரிதான் ஏறியிருந்தது. காலைத் தொங்கவிட்டுக் காத்திருந்த உறவினர்களில் ஒருவர், "வாத்தியார் கணக்கு நாற்பதுக்கு முப்பத்துநாலு மார்க் வாங்கியிருக்கிறது" என்று வேடிக்கை செய்தார். நண்பருக்கு முகம் வாடிற்று. "அடுப்பிலே தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொட்டினால் ஆயிற்று" என்று உள்ளே ஓடினார்.

ஈரக் கையோடு ஆட்கள் நடமாடுகிற இடத்தில் மின்சாரம் வேண்டாமென்று ஹீட்டரையும் பம்பையும் நாமே நிறுத்தச் சொன்னோம். அது சரியான யோசனை. ஆனால் அதோடு சொல்லியிருக்க வேண்டிய மற்றொரு யோசனையைச் சொல்லாமல் விட்டோம். மூன்று அண்டாக்களில் தளதளவென்று கொதித்த தண்ணீர், மொத்தம் 45 லிட்டர் இருக்கும், தொட்டியின் ஒரு மூலையில் கொட்டப்பட்டது. ஆவி எழும்புவதைக் கண்டு குழந்தைகள் கைகொட்டினார்கள். ஐந்து வயதுப் பேரன் ஒருவன், பெரியவர்கள் தடுப்பதற்குள், அந்த மூலையில் மணிக்கட்டுவரை கையை விட்டுவிட்டான்.

அவன் அலறிய அலறல் இன்னும் நம் காதில் இருக்கிறது.

ஒருவர் பற்பசை என்றார். ஒருவர் பேனா மை என்றார். இன்னொருவர் மஞ்சள் பொடிக்கு ஓடினார். நம் வீட்டு அம்மாள் மட்டும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, வாங்கிய கையை விடாமல் 20 நிமிஷம் பச்சைத் தண்ணீரில் பிடித்திருந்தாள். வெந்த புண்ணுக்கு முதல் வைத்தியம் அதுதான். பற்பசையும் மையும் மஞ்சளும் ஆகா. பிறகு வைத்தியரிடம் காட்டினோம். இரண்டு சிறு கொப்புளங்களோடு போயிற்று. பத்து நாளில் ஆறிவிட்டது. ஆயினும் அன்றிரவு வீடு திரும்பும்போது வண்டியில் நாம் வாயைத் திறக்கவில்லை. பையன்களுக்கு வருஷா வருஷம் நாம் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. சூடான நீர் இலேசானது, குளிர்ந்த நீரின்மேல் மிதக்கும், கலக்கினாலொழியக் கலக்காது. கரும்பலகையில் எழுதத் தெரிந்த நமக்கு, தொட்டியின் ஓரத்தில் நின்று, "கலக்குங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

வீட்டு அம்மாள் படுக்கப் போகுமுன் சொன்னாள்: "எத்தனை படித்து என்ன? விளாவத் தெரியவில்லையே உங்களுக்கு!"

விளாவுதல்! எவ்வளவு அருமையான சொல்! கொதிநீரோடு பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, கையால் துழாவி, உடம்பு தாங்கும் பதத்துக்குக் கொண்டுவருகிற செயல் முழுவதையும் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது தமிழ். நம் பாட்டிமார்கள் இதற்குத் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளவில்லை. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், பிறகு அடிமுதல் ஒரு துழாவல், கடைசியில் புறங்கையில் ஒரு சொட்டு. இந்த நாலு படியும் தாண்டாமல் குழந்தையின் தலையில் ஒரு சொம்பு நீர் விழாது. முதலில் வெந்நீரை விட்டுப் பிறகு பச்சைத் தண்ணீர் எடுக்கப் போகிறவளைப் பாட்டி திட்டுவாள். போய்வருகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் குழந்தை வாளிக்குள் கையை விடும் என்பது அவளுக்குத் தெரியும். 60 டிகிரி நீர் பெரியவர்களின் தோலைக்கூடச் சில விநாடிகளில் வேகவைத்துவிடும். மெல்லிய தோலுள்ள குழந்தைக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும் என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் கூறுகிறது.

நமது வீடுகளில் வெந்நீர் என்பது ஒரு பெரிய சமாசாரமாக இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் செப்புத் தவலையைப் புளியிட்டுத் துலக்கி, கழுத்திலே மஞ்சள் குங்குமம் இட்டு, நீர் நிரப்பி வைப்பார்கள். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை ஔவையார் ஆத்திசூடியிலேயே சேர்த்துவிட்டார். பின்கட்டில் புகை படிந்த வெந்நீர் அடுப்பு. தேங்காய் மட்டை, பாளை, சவுக்கு மிளாறு ஆகியவைதாம் எரிபொருள். சற்று வசதியுள்ள வீடுகளில் செப்பு பாய்லர் வந்தது. நடுவிலே ஒரு குழல், அதற்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர், கீழே சாம்பல் தட்டு. வெளியே வீணாகிற சூட்டை நீரே நாலு பக்கமும் சூழ்ந்து வாங்கிக்கொள்ளும் இந்த அமைப்பைக் கண்டவர்கள், நம் கன்னார்களின் புத்திநுட்பத்தை மெச்சாமல் இருக்க முடியாது. தவலையானாலும் பாய்லரானாலும் அதற்கு ஒரு மூடி உண்டு. இந்த மூடியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் மர்மம் அதில்தான் இருக்கிறது.

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள்? சிந்து நதிக் கரையில் மொகஞ்சதாரோவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள குளியல் தொட்டியைச் செங்கல்லால் கட்டி, நீர் கசியாமல் நிலக்கீல் பூசி வைத்தார்கள். ரோமாபுரியார் குளியல் மண்டபத்தின் தரைக்குக் கீழே வெற்றிடம் விட்டு, அடுப்பின் அனலை அதில் ஓடவிட்டார்கள். ஜப்பானியர் செய்தது எல்லாவற்றிலும் சிக்கனமானது. ஆழமான தொட்டியில் வெந்நீர் நிரப்புவார்கள். ஆனால் அழுக்கோடு அதில் இறங்கமாட்டார்கள். வெளியிலேயே உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு பிறகு இறங்குவார்கள். அதனால் ஒரே நீர் குடும்பம் முழுவதற்கும் உதவுகிறது. ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் வரும்வரை தொட்டியை மூடிவிடுவார்கள்.

பூமாதேவியே அடுப்பு மூட்டிய இடங்களும் உண்டு. பத்ரிநாத்தில் தப்த குண்டம். இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். அங்கே ஏழு கிணற்றுக்கும் சூடு ஒன்றுபோல் இராது என்பது வேடிக்கை.

இப்பொழுது பணக்கார வீடுகளில் நுரைத்துச் சுழலுகிற 'ஜக்கூசி' தொட்டியின் கதையைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவார்கள். ஜக்கூசி என்பது இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயர். ஆகாய விமானத்துக்கு விசிறி செய்தார்கள். பிறகு கிணற்றுப் பம்பு செய்தார்கள். அச்சகோதரர்களில் ஒருவரான காண்டிடோ ஜக்கூசியின் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே மூட்டு வாதம் கண்டது. வைத்தியசாலையில் சுழல்நீரில் குழந்தை படுகிற சுகத்தைக் கண்ட தகப்பனார், அந்தச் சுகத்தை வீட்டிலேயே தருவதற்காகத் தொட்டிக்குள் வைக்கும் சிறு பம்பு ஒன்றை உண்டாக்கினார். 1968 இல் அதே குடும்பத்து ராய் ஜக்கூசி, பம்பைத் தொட்டியோடு இணைத்து விற்கத் தொடங்கினார். அதன் பிறகே அது ஆடம்பரப் பொருளாயிற்று. ஆரம்பத்தில் அது ஒரு தகப்பன் தன் குழந்தைக்குச் செய்த மருந்துதான். நம் நண்பரின் பிள்ளை பணம் அனுப்பியதும் அதே அன்பினால்தான். ஆகையால் தொட்டியைப் பழித்துப் பயனில்லை. அதை நிரப்பிய பின் என்ன செய்வது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் நாம் மறுபடி கோவளத்துக்குப் போனோம். தோற்ற கணக்கை அப்படியே விட்டுவிட்டு வாத்தியார்கள் தூங்க முடியாது. முதல் நாள் யாருமே தொட்டியில் இறங்கவில்லையாதலால், நீர் சுத்தமாகவே நின்றது. இரவு முழுவதும் திறந்து கிடந்ததில் 29 டிகிரிக்கு இறங்கியிருந்தது.

நம் கணக்கு எங்கே பிசகிற்று? இரண்டு கடன்காரர்களை நாம் மறந்துவிட்டோம். முதற் கடன்காரர் தொட்டியே. சிமெண்டும் செங்கல்லும் டைல்ஸும் சேர்ந்து நீரின் சூட்டில் தமக்குரிய பங்கை முதலில் வாங்கிக்கொண்டே தீரும். இரண்டாம் கடன்காரர் காற்று. ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் போகும்போது தன்னோடு சுமார் 575 கிலோ கலோரியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதாவது, 1,000 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு லிட்டர் ஆவியானால் தொட்டி முழுவதும் அரை டிகிரிக்குமேல் குளிர்ந்துவிடும். நம் 3 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணியில் ஏற்றுவது இரண்டரை டிகிரிதான். ஆகவே மணிக்கு நாலரை லிட்டர் நீர் ஆவியாகிற மாதிரிக் காற்று அடித்தால், ஹீட்டர் இரவெல்லாம் எரிந்தாலும் நீர் இம்மியும் ஏறாது! மண்பானையில் தண்ணீரைக் குளிரவைக்க எந்த வித்தையைப் பயன்படுத்துகிறோமோ, அதே வித்தையைத் திறந்த தொட்டியின்மீது கடற்காற்று செய்துகொண்டிருந்தது. நாமோ பக்கத்தில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே, பாட்டியின் தவலை மூடி! நண்பரிடம் பெட்டிகளில் வந்த தெர்மோகோல் பலகைகள் கிடந்தன. அவற்றை நீரின்மேல் மிதக்கவிட்டு, அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். பம்பை நிறுத்தாமல் ஓடவிட்டோம். நாலரை மணி நேரத்தில் 29 என்பது 39 ஆயிற்று. ஹீட்டரையும் பம்பையும் நிறுத்தி, சுவரிலுள்ள இணைப்பையும் பிடுங்கி, ஒருமுறை துழாவி, நாமே நாலு மூலையிலும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த பிறகுதான் அம்மையாரை அழைத்தோம். அவர் இறங்கிப் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

எழுந்து வந்ததும் அவர் கூறிய வார்த்தைதான் நம்மை யோசிக்கவைத்தது. "சுகமாய்த்தான் இருந்தது. ஆனால் எனக்கு வலி முழங்காலுக்குக் கீழேதானே? அதற்கு இத்தனை தண்ணீரையா சுடவைப்பது?"

பென்சிலை மறுபடி எடுத்தோம். ஒரு மனிதர் விளாவிக் குளிக்க 20 லிட்டர் வாளி ஒன்று போதும். தொட்டிக்கு 50 வாளி. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கிடைத்து வந்திருக்கிறது. தொட்டியை ஏழு தடவை சுடவைத்தால் அது தீர்ந்தது. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் நிலையம் அது. 2024 இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் அமைந்தது. இத்தகைய நிலையங்களில் 1,000 லிட்டர் கடல்நீரின் உப்பைப் பிரிக்க மூன்று நான்கு யூனிட் செலவாகும். அதே 1,000 லிட்டரைக் குளியலுக்குச் சுடவைக்கவோ 14 யூனிட்! உப்புக் கடலைக் குடிநீராக்குவதைக் காட்டிலும் அந்நீரை வெந்நீராக்குவது மூன்று மடங்குக்கு மேற்பட்ட காரியம் என்று நாம் கனவிலும் நினைத்ததில்லை.

அப்புறம் அந்த மூதாட்டியின் கேள்வி. ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் அந்தத் தொட்டி 66 குடம். 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் கொடுக்கும் ஏரிகள் நாலும் வறண்டு கிடந்தபோது, இரண்டு குடத்துக்காக இரவெல்லாம் விழித்திருந்த குடும்பங்கள் எத்தனை! 'இம்மாந் தண்ணி' என்று அவள் சொன்னபோது, 66 குடத்தையும் தன் இடுப்பிலே வைத்து அளந்துதான் சொன்னாள். நாம் லிட்டரில் அளந்தோம். நிறுக்கிற தராசு வேறானால் பொருளின் கனமும் வேறாகிவிடுகிறது.

அன்று தொட்டி நீரைச் சாக்கடைக்கு விடாமல், சோப்பும் மருந்தும் கலக்காததாகையால், ஆறவைத்துத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சினோம். அவளுக்கு நாம் கொடுக்கக்கூடிய பதில் அன்றைக்கு அவ்வளவுதான்.

நேயர்களில் யாரேனும் தொட்டி கட்ட எண்ணியிருந்தால், பட்டு அறிந்தவர்கள் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்வோம்.

தொட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. காற்று வீசாத பக்கத்தில் அமைத்து, நிரப்பிய நிமிஷத்திலிருந்து மூடிவையுங்கள். மாலையில் வேண்டுமானால் முற்பகலிலேயே நீரை நிரப்பி வெயிலில் வைப்பது ஒன்றிரண்டு டிகிரியைக் காசில்லாமல் தரும். இன்னும் நல்லது, கூரைமேல் சூரிய வெந்நீர்க் கருவி. இரண்டு சதுர மீட்டர் தகடுள்ள கருவி நல்ல வெயில் நாளில் 100 லிட்டர் நீரை 60 டிகிரி அளவுக்குக் கொண்டுவரும். அதனோடு 28 டிகிரிப் பச்சைத் தண்ணீர் 167 லிட்டர் விளாவினால், 40 டிகிரியில் 267 லிட்டர் தயார். பாட்டி கைப்பழக்கத்தில் செய்த கணக்கு இதுதான்.

40 டிகிரிக்கு மேல் எவரும் இறங்க வேண்டாம். கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரவும் வேண்டாம். இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இறங்கலாகாது. நீரிழிவினால் கால் மரத்தவர்கள் தங்கள் காலை நம்பிச் சூடு பார்க்கக் கூடாது. வேறொருவர் கையால் பார்க்கச் செய்ய வேண்டும். குழந்தைகளைத் தனியே விடவே கூடாது.

வெதுவெதுப்பான நீரைப் பல நாள் தேக்கி வைப்பதும் தவறு. 1976 இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைக் கொள்ளைகொண்ட நிமோனியாக் காய்ச்சலுக்குக் காரணமான லீஜியோனெல்லா என்னும் கிருமி, 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில்தான் செழித்து வளர்கிறது. மருந்திட்டுக் காக்கத் தெரியாவிட்டால், அன்றன்று நிரப்பி அன்றன்று இறைத்துவிட வேண்டும். மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை: ஹீட்டருக்கு மண் இணைப்பும், கசிவு கண்டால் தானே அறுந்துகொள்ளும் 30 மில்லியாம்பியர் விசையும் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். வாளியில் கம்பி ஹீட்டர் போடுகிறவர்கள் இணைப்பைப் பிடுங்கிய பிறகே நீரில் கை வைக்க வேண்டும். உப்பு நீருள்ள ஊர்களில் ஹீட்டர்க் கம்பியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதைச் சுரண்டாமல் விட்டால் மின்சாரமும் வீண், கம்பியும் வெடிக்கும்.

சென்ற வாரம் மறுபடியும் நண்பர் வீட்டுக்குப் போனோம். நீலத் தொட்டி காலியாக, மூடியோடு இருந்தது. பண்டிகைக்குப் பிள்ளை வரும்போது மட்டும் நிரப்புவதென்று தீர்மானமாம். பின்கட்டுத் திண்ணையில் அம்மையார் உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய பிறந்தகத்துச் சீராக வந்து, பரண்மேல் எத்தனையோ வருஷம் கவிழ்ந்து கிடந்த அகன்ற வாய்ப் பித்தளை அண்டா. அதில் இருபத்தைந்து லிட்டர் விளாவிய வெந்நீர். கால்கள் இரண்டும் முழங்கால்வரை நீருக்குள் இருந்தன.

கால் மணி ஆனதும் அவர் காலை எடுத்துத் துடைத்துக்கொண்டார். நீரைக் கொட்டப் போகிறாரென்று நினைத்தோம். அவரோ, "இப்படி வந்து உட்கார், உனக்கு வேறே விளாவுகிறேன்" என்று பாத்திரம் துலக்குகிற மூதாட்டியை அழைத்தார்.

"எனக்கு எதுக்கும்மா?" என்றாள் அவள்.

"எனக்கு வலிக்கிற முட்டிதானே உனக்கும்? நானாவது உட்கார்ந்திருக்கிறேன், நீ குடம் தூக்குகிறாய்."

அந்த நீர் வாழைக்குப் போயிற்று. புது நீர் வந்தது. முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், அடிமுதல் ஒரு துழாவல், புறங்கையில் ஒரு சொட்டு. மூதாட்டி தயங்கித் தயங்கி ஒரு காலை வைத்தாள். பிறகு மற்றொன்றை வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையில் சிறு தழும்போடு அந்தப் பேரன் தூணைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றான்.

"ஆயா, சுடுதா?" என்று கேட்டான்.

"இல்லடா கண்ணு, பதமா இருக்குது" என்றாள் அவள்.

தெர்மாமீட்டர் நம் சட்டைப் பையிலேதான் இருந்தது. அதை எடுக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.